மகப்பேற்றில் தந்தையின் கூறு

மலடி என்னுஞ் சொல்லை அறியாத தமிழர் இலர். மணவீட்டு முற்றத்திலும் வளைகாப்புப் பந்தலிலும் அச்சொல் வாயினாற் சொல்லப்படாத போழ்தும் பார்வையினாற் சொல்லப்படுகின்றது. மலடன் என்றோர் ஆண்பாற் சொல்லும் நம் அகராதிகளில் உளது. ஆயின் அதனைப் பிறர் வழங்கத் தம் செவியாற் கேட்டோர் மிகச் சிலரே. பெண்பாற் சொல் ஊரெங்கும் உலவ, ஆண்பாற் சொல் ஏட்டளவில் உறங்குதல் இலக்கணத்தின் விளைவன்று. மகவில்லாக் குறை மனைவியின் குறையே என ஆராயாது முடிவு கட்டிய நெடுநாள் வழக்கத்தின் விளைவே அஃது.

நம் பழங்கதைகளைச் சற்றே அளவைநூற் கண்கொண்டு நோக்கின் வேறொன்று புலப்படும். தயரத மன்னன் தேவியர் மூவரை மணந்தும் நெடுங்காலம் மகவின்றி வருந்தினன். மூவரும் ஒருங்கே குறையுடையராயினர் என்று கொள்வதினும், மூவர்க்கும் பொதுவாய் நின்ற ஒருவனிடத்தே காரணத்தைத் தேடுதல் முறையன்றோ? பாரதக் கதையில் இஃது இன்னுந் தெளிவாக விளங்குகின்றது. விசித்திரவீரியன் அம்பிகை, அம்பாலிகை என்னும் இருவரை மணந்து, மகவின்றியே நோயுற்று மாண்டான். அவ்விருவருமே பின்னர் வியாசர் வாயிலாகத் திருதராட்டிரனையும் பாண்டுவையும் ஈன்றனர். இக்காலத்து ஆராய்ச்சிக்கூடத்தில் இதனினும் தெளிவான சோதனையொன்றை அமைத்தல் அரிது.

வேதாகமத்திலும் சாராள், ராகேல், அன்னாள், எலிசபெத்து என்னும் அன்னையரே பிள்ளையற்றவர் எனக் குறிக்கப்படுகின்றனர். ஆபிரகாம் நூறு வயதில் ஈசாக்கைப் பெற்றதனைக் காட்டி, ஆண்மகனுக்கு முதுமை ஒரு தடையன்று என வாதிப்பாரும் உளர். அவர் அக்கதையைச் செவ்வனே படித்திலர். அந்நூல் அந்நிகழ்ச்சியை இயற்கையின் போக்காகக் கூறாது, இயற்கையைக் கடந்த அருட்செயலாகவே கூறுகின்றது. வயது தடையாகாதெனின் அதனை அற்புதமென்று போற்றுவானேன்?

ஆடவனின் கருவளம் வயதினாலும், பிறவியிலேயே அமைந்த மரபணுக் குறைகளாலும் எங்ஙனம் குன்றுகின்றது என்பது பற்றி இற்றை அறிவியல் கண்ட செய்திகளுட் சிலவற்றை ஈண்டுக் கூறுவாம். இப்பொருளைக் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ என நாணுவார் இருப்பின், அவர் ஒன்று கருதுதல் வேண்டும். இதனைப் பேசாது விட்டமையால் விளைந்த துன்பத்தைச் சுமந்தவர் பேசாதிருந்த ஆடவர் அல்லர்.

ஆணும் பெண்ணும் ஓராண்டு தடையின்றிக் கூடி வாழ்ந்தும் கரு உண்டாகாதாயின் அதனை மகப்பேறின்மை என மருத்துவர் வழங்குவர். உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறக்குறைய ஆறுபேரில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதேனும் இக்குறையை அடைகின்றனர். இவ்வாறு வருந்தும் தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்துக் கணவன்பால் குறையுண்டு. அஃது அவன்பால் மட்டும் இருத்தலும் கூடும், மனைவியின் குறையோடு கூடி நிற்றலும் கூடும். பாதிப்பங்கு என்பது சிறு பங்கன்று. ஆயினும் மருந்துண்பவளும், நோன்பிருப்பவளும், அரசமரத்தைச் சுற்றுபவளும், வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டுபவளும் பெரும்பாலும் அவளே.

இங்ஙனம் பழி ஒருபாற் சாய்ந்தமைக்கு அறிவுலகத்திலும் ஒரு வரலாறுண்டு. தெல்ப்டு நகரத்துத் துணிவணிகராகிய லீவன்ஹூக் என்பார், தாமே கடைந்த சிறு கண்ணாடி வில்லைகளைக் கொண்டு 1677-ஆம் ஆண்டில் சுக்கிலத்தை நோக்கி, அதனுள் வாலுடைய நுண்ணுயிர்கள் நீந்துதலைக் கண்டு, இலண்டன் இராயல் சங்கத்தார்க்கு எழுதினார். அவற்றுள் ஒவ்வொன்றினுள்ளும் முழு மனிதன் சுருங்கிய வடிவில் அடங்கியிருக்கின்றான் என்று பின்னர்ப் பலர் எண்ணத் தலைப்பட்டனர். கணவனே வித்து, மனைவி வெறும் நிலம் என்னும் கொள்கை நம் நாட்டிலும் பழைமையானதே. இக்கொள்கையில் ஒரு முரண்பாடு உளது. விளைந்தால் வித்தின் பெருமை. விளையாவிடின் நிலத்தின் குற்றம்! உழவன் எவனும் தன் வயலில் இவ்வாறு வழக்குரைப்பதில்லை. முளைக்காத வயலைக் கண்டால் அவன் முதலிற் பார்ப்பது விதைக்கோட்டையையே.

பாலூட்டிகளின் சினைமுட்டையை வான் பேயர் 1827-ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். கடல்முள்ளெலியின் முட்டையில் ஆணணுவின் கருவும் பெண்ணணுவின் கருவும் ஒன்றாய்க் கலத்தலை 1876-ஆம் ஆண்டில் ஆஸ்கார் ஹெர்ட்விக் கண்டார். பிள்ளையின் மரபுச்செல்வத்தில் தாய் பாதியும் தந்தை பாதியும் தருகின்றனர் என்பது இவ்வாறு நிலைபெற்றது. கொடையிற் பாதி தந்தையினதாயின், குறையிலும் பாதி அவனதாதல் வியப்பன்று.

இனி, அக்கொடை உண்டாகும் இடத்தைக் காண்போம். விரைகள் இரண்டும் உடலுக்குப் புறத்தே பையிற் றொங்குதல் வீணன்று. விந்தணு உருவாதற்கு உடல் வெப்பத்தினும் இரண்டு முதல் நான்கு பாகை குறைந்த வெப்பம் வேண்டும். ஒவ்வொரு விரையினுள்ளும் மயிரிழை போன்ற குழல்கள் சுருண்டு செறிந்துள்ளன. அவற்றை நீட்டி அளந்தால் இருநூறு மீட்டருக்கு மேற்படும். அக்குழற்சுவரில் உள்ள மூல அணுக்கள் பன்முறை பிளந்து, உருமாறி, வால்பெற்று விந்தணுக்களாதற்கு ஏறக்குறைய 74 நாட்கள் செல்லும். பின்னர் விரையின் பின்புறத்தே கிடக்கும் நீண்ட குழலொன்றிற் சின்னாட் டங்கி, நீந்தும் ஆற்றலைப் பெறும். ஆக, இன்று வெளிப்படும் விந்தணு மூன்று திங்களுக்கு முன் தொடங்கிய வேலையின் முடிவாகும். கடுங்காய்ச்சல் ஒன்று வந்து நீங்கினால் அதன் தீங்கு உடனே தோன்றாது இரண்டு மூன்று திங்கள் கழித்துத் தோன்றுதற்கு இதுவே காரணம். நல்ல உடல்நிலையுள்ள ஆடவனிடத்து ஒரு நாடித்துடிப்பிற்கு ஏறக்குறைய ஆயிரம் விந்தணுக்கள் உருவாகின்றன என்பர். இத்தொழிற்சாலையை நடத்தும் ஆணைகள் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியினின்று வருகின்றன. உடல் பெருக்க விரும்பி உடற்பயிற்சிக்கூடங்களில் ஆண் ஹார்மோனை ஊசியாக ஏற்றிக்கொள்ளும் இளைஞர் இதனை அறிதல் நலம். புறத்தேயிருந்து ஹார்மோன் வரக்கண்ட பிட்யூட்டரி தன் ஆணையை நிறுத்திவிடும். தோள் திரள, விந்தணு அருகும்.

ஈண்டு ஒரு மயக்கத்தைக் களைந்து மேற்செல்லுதல் இன்றியமையாதது. ஆண்மை வேறு, கருவளம் வேறு. இல்லற இன்பத்திற் சிறிதுங் குறைவில்லாத ஆடவனது சுக்கிலத்தில் ஒரு விந்தணுவேனும் இல்லாதிருத்தல் கூடும். நூறு ஆடவரில் ஏறக்குறைய ஒருவர் அந்நிலையினர். சுக்கிலத்தின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளினின்று வரும் நீரேயாதலின், கண்ணாற் பார்த்து இதனை அறியவொண்ணாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே சோதனைக்குச் செல்லுதலை ஆடவர் தம் ஆண்மைக்கு நேர்ந்த இழுக்காக நினைக்கின்றனர். விடுதிகளில் அறையெடுத்துச் சுவரொட்டி ஒட்டும் போலி வைத்தியர் இம்மயக்கத்தையே முதலாக வைத்து வாணிகம் புரிகின்றனர்.

நிற்க. வயதின் செயலை இனி ஆராய்வோம்.

பெண்ணுக்குரிய சினைகள் யாவும் அவள் தாய்வயிற்றில் இருக்கும்போதே அமைந்துவிடுகின்றன. பின்னர்ப் புதியன தோன்றுவதில்லை. ஐம்பது வயதளவில் இருப்புத் தீர்ந்துவிடும். ஆணின் விந்தணு உற்பத்தியோ பருவமெய்திய நாள் தொட்டு முதுமை வரை ஓய்வதில்லை. எழுபது வயதில் தந்தையானோர் எங்குமுளர். ஆகலின் ஆணுக்குக் கால எல்லை இல்லை என மக்கள் கருதினர். வாயில் அடைபடவில்லை என்பது மெய். ஆயின் அது குறுகிக்கொண்டே வருகின்றது. முப்பது, நாற்பது வயதிற்குப் பின் ஆண் ஹார்மோனின் அளவு ஆண்டுதோறும் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கு குறைகின்றது. சுக்கிலத்தின் அளவும், விந்தணு நீந்தும் வேகமும் வயதோடு குன்றுகின்றன. அணுவினுள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளின் முறிவு மிகுகின்றது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான தம்பதியரை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: மனைவியின் வயதையும் பிற காரணங்களையும் கணக்கிட்டுக் கழித்த பின்னரும், கணவனின் வயது ஏற ஏற ஓராண்டினுட் கருவுறும் வாய்ப்புக் குறைந்துவந்தது. தந்தையின் வயது நாற்பதைக் கடந்தவிடத்துக் கருச்சிதைவும் சற்று மிகுதல் கண்டனர். கருச்சிதைவுற்ற பெண்ணைச் சூழ்ந்து நின்று அவள் எதை உண்டாள், எங்கு நடந்தாள் என வினவுவோர், அருகில் நிற்கும் கணவனின் வயதை வினவுவதில்லை.

இவை அளவிற் குறைதல். இதனினும் வியத்தற்குரியது தன்மையில் நேரும் மாறுதல்.

நம் முன்னோர் நூல்களை ஓலையிற் பெயர்த்தெழுதிக் காத்தமையை அறிவோம். முதல் ஏட்டைப் பார்த்து ஒருவன் எழுதினான். அவன் எழுதியதைப் பார்த்து மற்றொருவன் எழுதினான். ஒருமுறை புகுந்த பிழை அடுத்த ஏட்டிலும் நின்றது. அதனோடு புதுப்பிழையும் சேர்ந்தது. ஏடு பதிப்பித்த அறிஞர் பட்ட பாடு அனைத்தும் இதனால் வந்ததே. ஆணின் மூல அணுக்களும் இத்தகைய ஏடெழுதுவோரே. பருவமெய்திய பின் அவை ஏறக்குறைய 16 நாட்களுக்கு ஒருமுறை, அஃதாவது ஆண்டிற்கு 23 முறை, தம்மைப் பெயர்த்தெழுதுகின்றன. இக்கணக்கின்படி 20 வயதினன் ஒருவனது விந்தணு ஏறக்குறைய 150 முறை படியெடுக்கப்பட்ட ஏடாகும். 40 வயதில் அவ்வெண் 610. 50 வயதில் 840. பெண்ணின் சினையோ இருபது சொச்சம் முறையே படியெடுக்கப்பட்டது. அதுவும் அவள் பிறக்குமுன்னரே பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது.

இவ்வுண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. செருமனி நாட்டு மருத்துவராகிய வில்ஹெல்ம் வைன்பர்க் 1912-ஆம் ஆண்டில் ஒன்றனைக் கவனித்தார். கைகால்கள் குறுகி வளரும் ஒருவகைக் குள்ளத்தன்மையோடு, குறையில்லாப் பெற்றோர்க்குப் பிறக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அக்குடும்பத்தின் கடைக்குட்டிகளாய் இருந்தனர். கடைப்பிள்ளை பிறக்கும்போது தாய்க்கும் வயது மிகும். தந்தைக்கும் வயது மிகும். எவர் வயது காரணம்? இதனைப் பிரித்தறிந்தவர் இலண்டனைச் சேர்ந்த பென்ரோஸ். தந்தையின் வயதே காரணமென 1955-ஆம் ஆண்டில் அவர் காட்டினார். இதற்கு எட்டாண்டு முன்னரே, 1947-இல், ஜே. பி. எஸ். ஹால்டேன் குருதி உறையா நோயுற்ற குடும்பங்களை ஆராய்ந்து, அந்நோய்க்குரிய புதுப்பிழை பெண்ணணுவினும் ஆணணுவில் மிகுதியாக நேர்கின்றது எனக் கணித்துரைத்திருந்தார். இந்த ஹால்டேனே 1957-இல் இந்தியாவிற் குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் உயிர்நீத்தவர். டி.என்.ஏ.யின் வடிவே அறியப்படாத காலத்தில், குடும்ப வரலாறுகளையும் கணிதத்தையும் மட்டுங் கொண்டு அவர் இதனைக் கண்டமை எண்ணுந்தோறும் வியப்பளிக்கின்றது.

ஐயமறுத்த எண்கள் ஐஸ்லாந்துத் தீவிலிருந்து வந்தன. தாய், தந்தை, பிள்ளை என மூவர் கொண்ட 78 குழுக்களின் மரபெழுத்துக்கள் முழுவதையும் அங்குப் படித்து, பெற்றோர் இருவரிடத்தும் இல்லாது பிள்ளையிடம் புதிதாய்த் தோன்றிய எழுத்துப்பிழைகளை எண்ணி, 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 20 வயதுத் தந்தை ஏறக்குறைய 25 புதுப்பிழைகளையும், 40 வயதுத் தந்தை ஏறக்குறைய 65 புதுப்பிழைகளையும் பிள்ளைக்கு அளித்தனர். ஆண்டொன்றுக்கு இரண்டு என்பது கணக்கு. தாயின் வயதும் சிறிது சேர்க்கின்றது என 2017-இல் வந்த விரிவான ஆராய்ச்சி காட்டியது. ஆயின் அது தந்தையின் பங்கில் ஏறக்குறைய நான்கிலொன்றே.

இதனைக் கேட்டு அஞ்சுதல் வேண்டா. ஒரு விந்தணுவில் எழுதப்பட்ட எழுத்துக்கள் ஏறக்குறைய 300 கோடி. அவற்றுள் 65 பிழை என்பது எந்த ஏடெழுதுவோனும் கனவிலும் எய்தாத செம்மை. அப்பிழைகளுட் பெரும்பாலன பொருளற்ற இடங்களில் வீழ்ந்து ஒரு தீங்கும் செய்யாதொழிகின்றன. மேற்கூறிய குள்ளத்தன்மையும் ஏறக்குறைய 25,000 பிறப்புக்களில் ஒன்றாகவே காணப்படுவது. முதிய தந்தையரிடத்து அவ்விகிதம் சில மடங்கு ஏறினும் அரிதேயாம். மனச்சிதைவு, ஆட்டிசம் ஆகியவை முதிய தந்தையரின் மக்களிடத்துச் சற்று மிகுந்து காணப்படுவதாகப் பல நாட்டுக் கணக்குக்கள் கூறுகின்றன. அதற்கு இப்பிழைகள் எவ்வளவு காரணம், காலந்தாழ்த்தி மணம்புரியும் ஆடவரின் இயல்புகள் எவ்வளவு காரணம் என்பது இன்னும் வழக்கில் உள்ளது.

குள்ளத்தன்மையில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. அதற்குக் காரணமான பிழை மரபணுவொன்றில் ஒரே எழுத்தின் மாற்றமே. ஆயின் அது தற்செயலாக நேர்வதினும் மிகப் பன்மடங்காகக் காணப்பட்டது. இஃது எங்ஙனம்? அப்பிழையைப் பெற்ற மூல அணு பிற அணுக்களைவிட விரைந்து பெருகுகின்றது என ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். வயலில் ஒரு களை தோன்றி நெல்லினும் செழித்துப் பரவுவது போல, பிழையுற்ற அணு விரையினுள் ஆண்டுதோறும் இடம் பிடிக்கின்றது. அணுவுக்கு நன்மையாவது பிள்ளைக்குத் தீமையாகின்றது. இயற்கையின் கணக்கு ஒரு தளத்தில் வெல்ல, மறுதளத்தில் தோற்றல் இவ்வாறு காணக்கிடக்கின்றது.

இனிப் பிறவிக் காரணங்களுக்கு வருவோம். இங்கு முதலில் எழும் வினா நகைச்சுவை போற் றோன்றும்: மகவின்மை பரம்பரையாக வருவது எங்ஙனம்? தந்தைக்கு மகவில்லையெனின் மகன் ஏது? இவ்வினாவிற்கு விடைகள் பல. ஒவ்வொன்றும் ஒரு வரலாறு.

முதல் விடை, குறை பரம்பரையாக வராது புதிதாய்த் தோன்றுகின்றது என்பது. போஸ்டன் மருத்துவராகிய கிளைன்பெல்டர் 1942-ஆம் ஆண்டில், விந்தணு இல்லாத, மார்பு சற்றே பருத்த ஒன்பது ஆடவரைப் பற்றி எழுதினார். காரணம் விளங்க 17 ஆண்டுகள் சென்றன. மனிதனின் மரபுச்செய்தி குரோமோசோம் எனப்படும் 46 இழைத்தொகுதிகளில் எழுதப்பட்டுள்ளது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். மேற்கூறிய ஆடவர்க்கோ இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் இருந்தமையை எடின்பரோவில் பட்ரீசியா ஜேக்கப்ஸ், ஜான் ஸ்ட்ராங் என்னும் இருவர் 1959-இல் கண்டனர். ஏறக்குறைய 600 ஆடவரில் ஒருவர் இத்தகையர். எனவே பெரியதொரு கல்லூரியில் இத்தகைய மாணவர் ஓரிருவர் இருத்தல் இயல்பே. அவருட் பெரும்பாலோர் மணஞ்செய்து மகவின்றிச் சோதனைக்குச் செல்லுங்காறும் இதனை அறியார். பலர் வாழ்நாள் முழுதும் அறியார். அம்மிகை எக்ஸ் பாதிப்பேர்க்குத் தாயினிடமிருந்தும் பாதிப்பேர்க்குத் தந்தையினிடமிருந்தும் வருகின்றது. இதிலும் ஒருவர்மேற் பழிகூற இடமில்லை.

இரண்டாவது, ஒய் குரோமோசோமிற் றுண்டு இழத்தல். இக்குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் குடிச்சொத்து. இத்தாலியில் தியேப்போலோ, சுப்பார்தி என்னும் இருவர் 1,170 ஆடவரை ஆராய்ந்து, அவருள் விந்தணுவற்ற அறுவர்க்கு ஒய்யின் நெடுங்கையில் ஒரு பகுதி காணாமற்போயிருந்தமையை 1976-இல் வெளியிட்டனர். விந்தணு உருவாதற்குரிய ஆணைகள் அங்கு எழுதப்பட்டுள்ளன என்பது அதனாற் றெளிவாயிற்று. அப்பகுதி இன்று ஏ, பி, சி என மூன்று வட்டாரங்களாகப் பகுக்கப்படுகின்றது. ஏ வட்டாரம் முழுதும் இழந்தவனிடத்து விந்தணு கிடைக்கும் என்னும் நம்பிக்கைக்கு இடமில்லை. சி வட்டாரம் இழந்தவனிடத்துச் சிலபோது சிற்றளவிற் கிடைக்கும். இந்திய ஆடவரிடத்து இவ்விழப்புக்கள் பற்றி, ஐதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். சோதனைச்சாலையில் ஒரு துளிக் குருதியைக் கொண்டே இதனை இன்று அறியலாம். இழந்த துண்டை மீளச் சேர்க்கும் இலேகியமோ பற்பமோ எங்குமில்லை.

மூன்றாவது விடை, குறை பெற்றோர் இருவரிடத்தும் ஒளிந்து நின்று பிள்ளையிடத்து வெளிப்படுதல். ஒரு மரபணுவின் இரு படிகளில் ஒன்று பழுதாயினும் மற்றொன்று வேலையைச் செய்யும். இரண்டும் பழுதான பிள்ளையிடத்தே நோய் தோன்றும். சூரிக்கு நகரத்து மருத்துவர் கார்த்தகேனர், நெஞ்சம் வலப்புறமாக அமைந்து, பீனிசமும் ஓயாத இருமலும் உடைய நோயாளரைப் பற்றி 1933-இல் எழுதினார். அத்தகைய ஆடவரின் விந்தணுக்கள் உயிரோடிருந்தும் அசைவதில்லை என்பதையும் அதன் காரணத்தையும் சுவீடன் நாட்டு அப்செலியஸ் 1976-இல் விளக்கினார். மூச்சுக்குழலிற் சளியைத் தள்ளும் மயிரிழையும் விந்தணுவின் வாலும் ஒரே பொறியமைப்பால் ஆனவை. ஒன்றில் உள்ள பழுது மற்றதிலும் இருக்கும். மூக்கும் மகப்பேறும் ஒரு கயிற்றாற் கட்டப்பட்டிருத்தலை முன்னோர் எவரும் ஊகித்திரார். இவ்வகை நோய்கள் உறவினுள் மணஞ்செய்யும் குடும்பங்களில் மிகுதியாக வெளிப்படும். மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் உரிமையெனக் கொண்டு மணக்கும் வழக்கம் நம் தமிழ்நாட்டில் இன்றும் நிலவுகின்றது. ஒரே பாட்டனிடமிருந்து வந்த பழுதான படியொன்று இருபாலும் இறங்கி, பேரனிடத்தே வந்து சந்தித்தல் இதனால் எளிதாகின்றது. மணத்தைத் தடுக்க இதனைக் கூறவில்லை. மணத்திற்கு முன் ஒருமுறை மரபணு மருத்துவரைக் காணுதல் சாதகம் பார்ப்பதற்கு ஆகும் நேரத்தினும் மிகுதியாகாது.

விந்தணு நன்கு உருவாகியும் அதனை வெளிக்கொணரும் குழாய் பிறவியிலேயே இல்லாதாரும் உளர். 1989-இல் கண்டறியப்பட்ட மரபணு ஒன்றன் பழுதே அவருட் பலர்க்குக் காரணம். நுரையீரலைப் பற்றும் கொடிய நோயொன்றுக்கும் அம்மரபணுவே காரணமாதலின், மருத்துவம் தொடங்குமுன் மனைவியையும் சோதித்தல் வேண்டும்.

விரைப்பையில் நரம்பு சுருளுதல், பருவத்திற்குப் பின் வரும் பொன்னுக்கு வீங்கி, புகையிலை, மது, உடற்பருமன் முதலிய பிற காரணங்கள் பலவுள. அவை பலராலும் எழுதப்பட்டவை. ஈண்டு விரிப்பின் பெருகும். எத்துணைச் சோதித்தும் காரணம் புலப்படாத ஆடவரும் பலர்.

சோதனையோ மிக எளிது. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவு நீக்கி, சோதனைச்சாலையிற் கொடுக்கும் சுக்கிலத்தை நுண்ணோக்கியிற் பார்த்து எண்ணுவர். ஒருமுறை பார்த்து முடிவுகட்டாது மறுமுறையும் பார்ப்பர். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த கீழெல்லை, ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள். அவற்றுள் நூற்றுக்கு 42 அசைவனவாதல் வேண்டும். இவ்வெல்லை மதில் போன்றதன்று. ஓராண்டினுள் மனைவி கருவுற்ற ஆடவருள்ளும் நூற்றுக்கு ஐவர் இதற்குக் கீழே நின்றோரே. இச்சோதனையில் கத்தியில்லை, ஊசியில்லை, வலியில்லை. மனைவிக்குரிய சோதனைகளோ கருக்குழாயில் மருந்து செலுத்திப் படமெடுத்தல், வயிற்றிற் றுளையிட்டு நோக்குதல் என வலியும் செலவும் உடையன. எளியதை முதலிற் செய்து அரியதைப் பின்னர்ச் செய்தல் எத்தொழிலிலும் முறை. இவ்வொன்றில் மட்டும் பல குடும்பங்களில் முறை தலைகீழாகின்றது. மனைவி ஐந்தாண்டு மருந்துண்ட பின், இரண்டாம் மணப்பேச்சும் எழுந்த பின், கணவனின் முதற்சோதனை நிகழ்கின்றது.

1992-ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு பெருந்திருப்பம். பிரசல்ஸ் நகரத்தில் பலெர்மோ என்பாரும் அவர் குழுவினரும், ஒரே விந்தணுவை நுண்ணூசியாற் சினைமுட்டையினுட் செலுத்திக் கருவாக்கும் முறையாற் பிள்ளைகள் பிறந்தமையை வெளியிட்டனர். கோடிக்கணக்கில் வேண்டியிருந்த விந்தணு ஒன்றே போதுமாயிற்று. சுக்கிலத்தில் ஒன்றேனும் இல்லாதவனிடத்தும் விரையைத் திறந்து, குழல் குழலாகத் துழாவி எடுக்கலாயினர். முற்றும் மகப்பேறற்றவர் என எழுதிவைக்கப்பட்ட கிளைன்பெல்டர் நிலையினருட் கணிசமானோர் இதனால் தந்தையராயினர்.

வயதின் குறையை இம்முறை நீக்குவதில்லை. ஐம்பது வயதினனின் விந்தணு ஊசியின் வழிச் சென்றாலும் அதே 840 முறை பெயர்த்தெழுதிய ஏடுதான். இந்திய அரசு 2021-இல் இயற்றிய சட்டம் இத்தகைய மருத்துவத்தை நாடும் பெண்ணின் வயது 21-க்கு மேலும் 50-க்குக் கீழும், ஆணின் வயது 21-க்கு மேலும் 55-க்குக் கீழும் இருத்தல் வேண்டும் என வரையறுத்துள்ளது. ஆணுக்கும் ஓர் எல்லை உண்டென நம் நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

மரபணுக் குறையோ ஊசியோடு உடன் செல்கின்றது. ஒய்யின் சி வட்டாரத்தை இழந்த ஒருவன் இம்முறையாற் பெறும் மகன், அதே குறுகிய ஒய்யைத் தவறாது பெறுவான்; மகளாயின் அக்குறை அவளிடம் செல்லாது. மகவின்மை பரம்பரையாதல் எங்ஙனம் என முன்னர்க் கேட்ட வினாவிற்கு இது நான்காவது விடை. மனிதன் தானே உண்டாக்கிய விடை. இம்முறையால் தொடக்க நாட்களிற் பிறந்து 18 முதல் 22 வயதெய்திய இளைஞர் 54 பேரைப் பிரசல்ஸ் மருத்துவர் சோதித்து 2016-இல் வெளியிட்டனர். அவர்தம் விந்தணுச் செறிவின் நடுவளவு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 77 இலட்சம். இயல்பாகக் கருவுற்றுப் பிறந்த ஒத்த வயதினர்க்கு 3 கோடியே 70 இலட்சம். 

ஆகலின் மருத்துவம் தொடங்குமுன் கணவனின் குரோமோசோம்களையும் ஒய்யின் வட்டாரங்களையும் சோதித்து, கண்டதனை இருவர்க்கும் ஒருங்கே எடுத்துரைத்தல் இன்று நல்ல மருத்துவரின் முறையாக உள்ளது. அதனைக் கேட்டபின் பிறர் தரும் விந்தணுவை ஏற்பாரும் உளர். பெற்றோரில்லாப் பிள்ளையைச் சட்டப்படி எடுத்து வளர்ப்பாரும் உளர். தம் மகனே வேண்டுமென ஊசியை நாடுவாரும் உளர். அம்மகன் வளர்ந்து மணம்புரியும் நாளில் தானும் அதே ஊசியை நாடவேண்டியிருத்தல் கூடும். அதனை அவனிடம் எவ்வயதில், எவர், எச்சொற்களாற் சொல்வது என்பது இப்போது பல பெற்றோர் முன் நிற்கும் வினா.